போக நாலு பேர், வர மூணு பேர்

"பெர்கி நாலு பேரு. பாலிக் மூணு பேரு. ஆமா தம்பி, மூணுதான். சரியாத்தான் சொல்றேன்."

வீட்டின் பின்பக்கம் நின்று மாயாண்டி தணிந்த குரலில் தொலைபேசியில் சொன்னதை, சமையலறை ஜன்னல் வழியாகக் கலாதேவி கேட்டுவிட்டாள். போன வாரம் அவளை அந்த ஜன்னலோரத்தில், அரிசி களைந்த சட்டியும் கையுமாக நிற்கவைத்துவிட்டு வந்தோம். பாவம், அவள் மனம் இன்னும் அங்கேதான் நிற்கிறது.

பெர்கி என்றால் போவது, பாலிக் என்றால் திரும்பி வருவது. இது மலேசியாவில் பிறந்த பூனைக்குட்டிக்குக்கூடத் தெரியும். கலாதேவிக்குப் புரியாதது அந்தக் கணக்குத்தான்.

செமோரில் இருக்கும் அந்தச் சின்ன வீட்டில் ஆட்களே மூன்று பேர். லாரி ஓட்டிக்கொண்டிருந்த மாயாண்டி. ஜெலாப்பாங்கில் பிஸ்கட் பேக்டரிக்கு வேலைக்குப் போகும் கலாதேவி. எஸ்பிஎம் பரீட்சை எழுதி முடித்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் சின்ன மகள் ஷர்மினி. மூன்று பேர் இருக்கிற வீட்டிலிருந்து நாலு பேர் எப்படிக் கிளம்புவது? கிளம்பியவர்களில் ஒருவர் எங்கே நின்றுவிடுவது?

மூத்த மகள் தினேஸ்வரியைக் கணக்கில் சேர்க்க முடியாது. பினாங்கு பேக்டரியில் கூட வேலை செய்த சீனப் பையனை அவள் பதிவுத் திருமணம் செய்துகொண்ட செய்தி வந்த அன்றே, மாயாண்டி பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்து தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். பெற்ற மகளுக்கு உயிரோடு தலை முழுகியாயிற்று. நாலு வருஷமாக அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை.

பயணமோ பினாங்கு தேசியப் பூங்காவுக்கு. கடலை ஒட்டிய காடு அது. தெலுக் பகாங்கில் படகு ஏறி, கெராச்சுட் கடற்கரையில் இறங்கி, ஆமைகளைப் பார்த்துவிட்டு சாயங்காலம் திரும்புவதாக ஏற்பாடு. எல்லாம் மாயாண்டியின் ஏற்பாடு. கல்லுமலைத் தைப்பூசத்தைத் தவிர வேறெங்கும் பெண்டாட்டியைக் கூட்டிப் போகாத மனிதருக்குத் திடீரென்று கடல் மேல் என்ன ஆசை?

அதுவும் போன வருஷ விபத்துக்குப் பிறகு. தீபாவளிக்கு முந்திய மழையில் அவருடைய லாரி ஹைவேயில் புரண்டது. லாரியில் ஒத்தாசைக்குக் கூடப்போன கெலிண்டான் சன்னாசி அந்த இடத்திலேயே போய்ச் சேர்ந்தான். மாயாண்டிக்கு இடது காலில் இரும்புத் தகடு வைத்தார்கள். அதற்குப் பிறகு அவர் லாரி ஏறவில்லை, அதிகம் பேசவும் இல்லை. அப்படிப்பட்டவர் இப்போது பயணம் பயணம் என்று பரபரக்கிறார்.

சனிக்கிழமை காலை. விடிந்தால் பயணம்.

"மா, பிளாஸ்டிக் பை எதுவும் எடுக்காதே. பை சத்தம் கேட்டா போதும், அங்க இருக்கிற குரங்கெல்லாம் வந்து பிடுங்கும்," என்றாள் ஷர்மினி. கையில் ஹேன்ட்போன், வாயில் பாதி தோசை.

"அப்ப சோத்தை எதுல கட்டறது?"

"டப்பால வெச்சு என் பேக்ல போட்டுக்கலாம் லா. தண்ணி ஆளுக்கு ரெண்டு போத்தல். தொப்பி. கொசு மருந்து. அப்பாவுக்கு ஸ்லிப்பர் வேணாம், சப்பாத்து போடணும்."

"கடல்ல குளிக்கலாமா?"

"அந்தப் பக்கம் இறங்கவே கூடாதாம். இழுப்பு ஜாஸ்தி. ஜெல்லி மீனும் இருக்காம்."

கலாதேவி கணவனைப் பார்த்தாள். அவர் பசியாறி முடித்துவிட்டு, தட்டைத் தானே கழுவி வைத்துக்கொண்டிருந்தார். அதுவே புதுசு.

"ஷர்மினி," என்றார் அவர். "அடுப்புக்கு கேஸ் தோங் மாத்தறதுக்கு நேத்து சொல்லிக் குடுத்தேன்ல. வாஷர் சரியா இருக்கான்னு பார்த்துட்டுத்தான் மாட்டணும். மறந்துடாதே."

"நீங்கதான் இருக்கீங்களே பா."

மாயாண்டி தட்டைத் துடைத்துக் கவிழ்த்தார்.

இந்த ஒரு வாரத்தில் அவர் செய்த வேலைகளைக் கலாதேவி மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஒழுகிக்கொண்டிருந்த குழாயை மாற்றினார். சாமிமேடைக்குப் புது பல்பு போட்டார். பின்கதவுத் தாழ்ப்பாளைச் சரிசெய்தார். தீபாவளிக்கு வாங்கிக் கட்டாமலே வைத்திருந்த கடிகாரத்தை ஷர்மினியிடம் கொடுத்து, "நீ கட்டிக்க, எனக்கு எதுக்கு" என்றார். வருஷக்கணக்காகச் சொல்லியும் நடக்காத வேலையெல்லாம் ஒரே வாரத்தில் நடந்தால் எந்தப் பெண்டாட்டியும் சந்தோஷப்படுவாள். கலாதேவி பயந்தாள்.

பயத்தை வைத்துக்கொண்டு சாப்பாடு இறங்காது. அவள் வெளியே போனாள். மாயாண்டி வாசல் கேட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க."

"ம்."

"படகுக்கு எத்தனை பேருன்னு சொன்னீங்க?"

எண்ணெய் டப்பா அப்படியே நின்றது. "ஏன்?"

"நேத்து காதுல விழுந்துச்சு. போக நாலு, வர மூணுன்னு சொன்னீங்க. யாருங்க அந்த நாலாவது ஆளு? யாரை அங்க விட்டுட்டு வரப்போறோம்?"

மாயாண்டி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. விபத்துக்குப் பிறகு அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை.

"கல்லு," என்றார்.

"என்ன கல்லு?"

"நாம மூணு பேரு. மூணு பேரா பயணம் கிளம்பக் கூடாதுன்னு இந்த வீட்டுல யாரு சொல்றது? நீதானே. தைப்பிங்குக்குப் பொண்ணு பார்க்க எங்க அண்ணன் அண்ணியோட போனப்பகூட ஒரு கல்லை எடுத்து ஹேன்ட்பேக்ல போட்டுக்கிட்டு வந்தவதானே நீ. அதான் நாலுன்னு சொன்னேன். கல்லு அங்கயே தங்கிடும். திரும்பி வாரது மூணு பேரு."

இதைக் கேட்டு உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் நம் வீடுகளில் எத்தனை கைப்பைகளில் இப்படிக் கல் பயணம் போயிருக்கிறது என்று யாரும் வெளியே சொல்வதில்லை. மூன்று பேராகப் போனால் போன காரியம் விளங்காது. ஒரு கல்லைச் சேர்த்துக்கொண்டால் நாலாகிவிடும். போன இடத்தில் அதைப் போட்டுவிட்டு வந்துவிடலாம். கலாதேவி இதில் ரொம்பக் கறார். ஒருமுறை பேங்குக்கே கல்லோடு போனவள் அவள்.

"கல்லுக்குமா படகுல இடம் சொல்லுவாங்க?" என்று கேட்கும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உன் மனசு சங்கடப்படக் கூடாதுன்னுதான் லா."

அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள். ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்தது இந்தக் கல்லுக்காகவா? பின்பக்கம் போய், ரம்புத்தான் மரத்தடியில் கைக்கு அடக்கமாக ஒரு கல்லைத் தேடி எடுத்தாள். கழுவி, மஞ்சள் தடவி, தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். வைக்கும்போது "வழித்துணையா வா" என்று அதனிடம் சொல்லவும் சொன்னாள்.

மத்தியானம் வரை வீடு கலகலப்பாக இருந்தது. புளிச்சோற்றுக்குப் புளியை ஊறப்போட்டாள். கடலோரக் காட்டில் ஒரு குளம் இருக்கிறதாம், மேலே நல்ல தண்ணீர், கீழே உப்புத் தண்ணீர் என்று ஷர்மினி சொல்ல, "அப்ப மீனுக்கு உப்பு போட வேணாம்" என்று கலாதேவி கிண்டல் செய்தாள். அவ்வளவு லேசாக இருந்தது அவளுக்கு.

சாப்பாட்டுக்குப் பிறகு மாயாண்டி எலுமிச்சம்பழமும் சுருட்டும் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினார்.

"முனி கோயிலுக்குப் போறேன்."

அவர்கள் இருவரும் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டம் இப்போது இல்லை. பாதி செம்பனை, பாதி வீடுகள். லயங்களை இடித்தவர்கள் முனீஸ்வரரை மட்டும் தொடத் துணியவில்லை. செம்பனைக்கு நடுவில் ஒற்றை ஆலமரத்தடியில் அவர் அரிவாளோடு நின்றுகொண்டிருக்கிறார். பயணத்துக்கு முன் அவரிடம் சொல்லிக்கொள்வது வழக்கம்தான். கலாதேவிக்கு அதில் சந்தேகம் எழவில்லை.

அவர் ஹேன்ட்போனை சார்ஜ் போட்டபடியே விட்டுவிட்டுப் போயிருந்தார். சற்று நேரத்தில் அது அடித்தது. 'ஷாஃபி போட்' என்று திரையில் எழுத்து வந்தது.

"அண்ணே, ஷாஃபி பேசறேன்."

"அவரு வெளிய போயிருக்காரு தம்பி. நான் அவரு வீட்டுல பேசறேன்."

"ஓ, அக்காவா. நல்லாருக்கீங்களா? ஒண்ணுமில்லக்கா. பூங்கா வாசல்ல எல்லார் பேரும் பதியணும். அடையாளக் கார்டு ஐசி நம்பர் வேணும். மூணு பேரோடது அண்ணே அனுப்பிட்டாரு. நாலாவது ஆளோடதுதான் வரல."

கலாதேவி சிரித்தாள். "அது ஆளு இல்ல தம்பி. கல்லு."

"என்னக்கா?"

"மூணு பேரா போகக் கூடாதுன்னு எங்க பக்கம் ஒரு கல்லை எடுத்துக்குவோம். அதைத்தான் உங்க அண்ணே நாலுன்னு சொல்லியிருக்காரு."

ஷாஃபியும் சிரித்தான். "அது எனக்கும் தெரியும்க்கா. ஆனா கல்லு எனக்கு போன் பண்ணுமா? நேத்து அந்தப் பொண்ணே கூப்பிட்டுச்சு, எத்தனை மணிக்கு படகு ஜெட்டிக்கு வரணும்னு. தினேஸ்வரின்னு பேரு."

கலாதேவி நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள்.

நாலு வருஷமாக வீட்டில் யாரும் சொல்லாத பெயரை யாரோ ஒரு படகுக்காரப் பையன் போகிற போக்கில் சொல்கிறான். முதலில் வந்தது சந்தோஷம்தான், அதை மறைப்பானேன். மனிதர் மனம் இரங்கிவிட்டார், மகளைக் கூப்பிட்டுவிட்டார், என்னிடம் சொல்லாமல் ஆச்சரியப்படுத்தப் பார்க்கிறார் என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று. அந்த நிறைவு நாலு மூச்சுக்குக்கூட நிலைக்கவில்லை. நாலாவது ஆள் கல் இல்லை என்றால், திரும்பி வராத ஆள் யார்?

"தம்பி," என்றாள். "அப்ப திரும்பி வாரது மூணு பேருன்னு சொன்னாரே, அது யார் யாரு?"

"நீங்க, ரெண்டு பொண்ணுங்க. பாலிக்ல அண்ணே பேரு இல்லக்கா. அவரு காட்டு வழியா நடந்து வாராராம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். மழையில மரம் சாஞ்சு அந்தப் பாதையை மூடி வெச்சிருக்காங்க, இன்னும் திறக்கல. போன வாரமே அண்ணேகிட்ட சொன்னேன். பரவாயில்ல தம்பி, எனக்குத் திரும்பறதுக்கு போட் வேணாம்னாரு. அண்ணே நல்லா நடப்பாராக்கா?"

குளியலறையின் ஒற்றைப் படியை ஏறவே சுவரைப் பிடிக்கிறவர் மாயாண்டி.

"தம்பி, பாலிக்கும் நாலு பேருன்னு போட்டுக்க. அவரு பேரைச் சேர்த்துக்க."

"சரிக்கா."

"அந்தப் பொண்ணு நம்பரை எனக்கு அனுப்பறியா?"

நம்பர் வந்தது. ஷர்மினி குளிக்கப் போயிருந்தாள். கலாதேவி பின்வாசலுக்குப் போய் நின்று கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுத்த குரல் "ஹலோ" என்றது. கலாதேவிக்குப் பேச வரவில்லை. மூச்சு மட்டும்தான் போனது.

"அம்மாவா?" என்றது அந்தக் குரல்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் என்ன பேசினார்கள், எவ்வளவு அழுதார்கள் என்று எழுதப் போனால் இந்த வாரப் பக்கம் போதாது. கடைசியில் தினேஸ்வரி சொன்னதை மட்டும் சொல்கிறேன்.

"அப்பாதாம்மா கூப்பிட்டாரு. கடலுக்கு வா, எல்லாரும் ஒரு நாளு ஒண்ணா இருக்கலாம்னாரு. ரொம்ப அழுதாரு. நான் அப்பா அழுது கேட்டதே இல்ல. அப்புறம், சாயங்காலம் அம்மா தங்கச்சியோட நீயும் வீட்டுக்குப் போயிடு, இனிமே யாரும் உன்னைத் தடுக்க மாட்டாங்கன்னாரு."



தினேஸ்வரிக்குத் தெரியாத ஒன்று கலாதேவிக்குத் தெரியும். தலை முழுகிய அன்று மாயாண்டி அத்தோடு நிற்கவில்லை. ஈரத் துணியோடு முனி கோயிலுக்குப் போனார், கலாதேவி அழுதுகொண்டே பின்னால் ஓடினாள். அவர் கையளவு சூடத்தைக் கொளுத்தி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார். "நான் உசுரோட இருக்கிற வரைக்கும் அவ என் வாசப்படியை மிதிக்கக் கூடாது."

மாயாண்டி பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற மனிதர். சூடம் அணைத்துச் சொன்ன சொல்லை அவர் மாற்ற மாட்டார். அதைத் தாண்டி மகளை வீட்டுக்குள் கொண்டுவர அவருக்கு ஒரே வழிதான் இருந்தது.

"தினேசு, நாளைக்கு அங்க போகாதே."

"ஏம்மா?"

"அப்பா திரும்பி வரக் கூடாதுன்னே போறாருடி."

"நான் இப்பவே வாரேன்," என்றாள் தினேஸ்வரி.

"வேணாம். இங்க வராதே, சத்தியம் இருக்கு," என்று கலாதேவி சொல்வதற்குள் தொடர்பு போய்விட்டது. மறுபடி மறுபடி அடித்தாள். மகள் எடுக்கவில்லை.

பயணத்தை நிறுத்தினால் புருஷன் பிழைப்பார். ஆனால் அவர் இருக்கும்வரை மகள் வாசலுக்கு வர முடியாது. கலாதேவி ஒன்றும் சாமியை நம்பாதவள் இல்லை. கல்லுக்கு மஞ்சள் தடவுகிறவள் அவள். சூடச் சத்தியம் விளையாட்டில்லை என்று தோட்டத்தில் பிறந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். யாரை விட்டுக்கொடுப்பது என்று தெரியாமல் அந்தத் தாய் பின்வாசலில் நின்றாள். ஊறப்போட்ட புளி அப்படியே கிடந்தது.

வெயில் தாழ்ந்தபோது மாயாண்டி வந்தார். நெற்றி நிறைய விபூதி. நேராக உள்ளே போய், தலை சீவிக்கொண்டிருந்த ஷர்மினிக்கும் பூசிவிட்டார். "நல்லா படிக்கணும், என்ன," என்று சொல்லிவிட்டு வெளிக்கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

கலாதேவி அவர் எதிரில் நின்றாள்.

"ஷாஃபி கூப்பிட்டான்," என்றாள்.

அவர் சார்ஜில் கிடந்த ஹேன்ட்போனைத் திரும்பிப் பார்த்தார்.

"பாலிக்ல உங்க பேரையும் சேர்க்கச் சொல்லிட்டேன்."

"ஏன் சேர்த்தே?" என்றார் மாயாண்டி.

கோபமாகக் கேட்டிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். பாடுபட்டுச் செய்த வேலையை யாரோ கெடுத்துவிட்ட மாதிரி, அவ்வளவு அசதியாகக் கேட்டார்.

"ஏன்னா கேக்கறீங்க? நீங்க இல்லாம நான் என்னங்க பண்ணுவேன்? எனக்கு நீங்க வேணும்."

"உனக்கு விஷயம் தெரியாது, கலா." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போன வருஷம் தீபாவளிக்கு அவளை வீட்டுக்கு வரச் சொன்னேன். உங்கிட்ட சொல்லல. லாரியில உக்காந்துதான் பேசினேன். சன்னாசிதான் நம்பர் போட்டுக் குடுத்தான். பெத்த பொண்ணு, பேசுங்கண்ணேன்னான். பேசி முடிச்சு லாரியை எடுத்தேன். கோப்பேங் தாண்டல, புரண்டுடுச்சு. சத்தியம் பண்ணினவன் நான். முனி எடுத்துக்கிட்டது அவனை."

"மழைங்க. ரோடு வழுக்கிச்சு. போலீஸ்காரங்களே சொன்னாங்கல்ல."

"மழை அன்னைக்கு மட்டுமா பேஞ்சுச்சு?"

அவள் கண் உள்ளறைப் பக்கம் போனது.

"வாய்வார்த்தைக்கே ஒரு உசுரு போச்சு. அவ நிசமாவே வீட்டுக்குள்ள வந்தா அடுத்தது யாரு? உள்ள தலை சீவிக்கிட்டிருக்காளே, அவளையா குடுக்கறது?" மாயாண்டி தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அணைச்ச கை இது. நான் இல்லைன்னா சத்தியமும் இல்ல. நீங்க மூணு பேரும் ஒண்ணா இருக்கலாம். அவளை விட்டு நீயும் எத்தனை நாளு அழுதுக்கிட்டிருப்பே. நல்லா யோசிச்சுத்தான் லா செஞ்சேன்."

லாரியில் எந்த மூட்டையை எங்கே அடுக்குவது என்று சொல்கிறவர் போலச் சொன்னார். அதுதான் கலாதேவியை அதிகம் பயமுறுத்தியது. இவரைத் திட்டி மாற்ற முடியாது, அழுதும் மாற்ற முடியாது. போதாக்குறைக்கு அவர் சொல்வதில் பாதியை அவளும் நம்பினாள். சன்னாசியின் சாவு வீடு அவளுக்குக் கண்முன் வந்தது. அந்த இடத்தில் ஷர்மினியை வைத்துப் பார்க்க அவளுக்கு மனம் இல்லை.

வெளியே ஒரு காடி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

இருவரும் திரும்பினார்கள். காடிக்குள் அந்தச் சீனப் பையன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். இறங்கலாமா கூடாதா என்று அவனுக்குத் தெரியவில்லை. தினேஸ்வரி இறங்கி வந்தாள். இளைத்திருந்தாள். பேக்டரிச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள்.

"அப்பா."

மாயாண்டி எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. காலை இழுத்துக்கொண்டு ஓடி, இரண்டு கையாலும் கதவுநிலையைப் பிடித்து வாசலை மறித்தார்.

"அங்கயே நில்லு. வாசப்படியை மிதிக்காதே."

நாலு வருஷத்துக்கு முன் பார்க்க வந்தவளிடம் இதே வாசலில், இதே வார்த்தைகளை அவர் கத்தியிருக்கிறார். அன்று அவருக்குக் கோபம். இன்று அவருக்குப் பயம். நிலையை விட்டுக் கையைக் குவித்தார்.

"கும்பிடறேன் தாயி. திரும்பிப் போயிடு. நாளைக்கு சாயங்காலம் வா. நாளைக்கு வந்தா ஒண்ணும் ஆகாது."

"நீங்க இல்லாத வீட்டுக்கு நான் எதுக்குப்பா வாரது?" என்றாள் தினேஸ்வரி. வாசப்படிக்கு ஓர் அடி தள்ளி அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளேயிருந்து ஷர்மினி சீப்பும் கையுமாக ஓடி வந்தாள். "அக்கா," என்றாள். நெற்றியில் அப்பா பூசிய விபூதி அப்படியே இருந்தது. மாயாண்டி அவளைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், ஒரு கையை நீட்டிச் சின்னவளைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினார்.

கலாதேவிக்கும் பயம்தான். அவள் சாமிமேடையைப் பார்த்து ஒருமுறை கும்பிட்டாள். கணவனின் தோளைத் தொட்டு ஒதுக்கிவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் வெளியே இறங்கினாள். மகளின் கையைப் பிடித்தாள்.

"மா, அப்பா பயப்படறாரு."

"நானும்தான்," என்றாள் கலாதேவி. "முனி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். கல்யாணமாகி முதல் தடவையா வாசப்படி ஏறப்போற. வலது காலை எடுத்து வெச்சு உள்ள வா."